ஓம் பூரி: வேலை செய்கிற உடம்பை நடித்தவர்

தம்பி, நீங்கள் கேட்டது இது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் நாடகக் குழுவில் கவ்வாத்துத் தொழிலாளி, அதாவது தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்குகிறவர், வேடம் ஏற்றிருக்கிறீர்கள். இந்திய நடிகர் ஓம் பூரியின் படங்களைப் பார்த்துப் பழகு என்று யாரோ சொல்லியிருக்கிறார். தேடிப் பார்த்தால் இந்தி நகைச்சுவைக் காட்சிகளின் துண்டுகள்தான் கிடைக்கின்றன. இவரைக் கலைப்படங்களின் பெரிய நடிகர் என்று ஏன் சொல்கிறார்கள், ஏழையாகப் பிறந்ததால் ஏழை வேடம் தானாகப் பொருந்திவிட்டதா, தமிழில் ஏதாவது நடித்திருக்கிறாரா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. வறுமை அவருக்கு நினைவுகளைக் கொடுத்தது. நடிப்பைக் கொடுத்தது பல வருடப் பயிற்சி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் மலையக மேடையில் தொழிலாளி என்றால் கிழிந்த சாரமும் கூனிய முதுகும் அழுகையும் போதும் என்று ஆகிவிட்டது. ஓம் பூரியிடம் நாம் கற்க வேண்டியது வேறு விஷயம். ஒரு மனிதன் வேலை செய்யும்போது அவனுடைய உடம்பு என்ன சொல்கிறது, அதிகாரத்தின் முன்னால் நிற்கும்போது அதே உடம்பு என்ன ஆகிறது என்பதை இந்தியத் திரையில் அவரளவுக்கு நுணுக்கமாகக் காட்டியவர்கள் மிகச் சிலரே.

வாழ்க்கைக் கதையைச் சொல்கிறேன். பஞ்சாபிக் குடும்பம், பிறந்தது அம்பாலாவில், 1950இல். பிறந்த திகதிக்குப் பதிவு கிடையாது. தசரா முடிந்து இரண்டு நாளில் பிறந்தான் என்று தாய் சொன்ன ஞாபகத்தை வைத்துப் பிற்காலத்தில் அவரே ஒக்டோபர் 18 என்று வைத்துக்கொண்டார். நம் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் எத்தனை பேர் எத்தனை அலுவலகங்களின் வாசலில் நின்றார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது. தகப்பனார் ரயில்வே ஊழியர். சீமெந்து திருடியதாகக் குற்றம் சாட்டி அவரைச் சிறையில் அடைத்தார்கள். அப்போது ஓமுக்கு வயது ஆறு அல்லது ஏழு. குடியிருந்த வீடும் போயிற்று. அண்ணன் ரயில் நிலையத்தில் சுமை தூக்கப் போனார். ஓம் ஒரு தேநீர்க் கடையில் கோப்பை கழுவினார். தண்டவாளத்தின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் கரியைப் பொறுக்கினார்.

பிறகு பட்டியாலாவுக்கு அருகிலுள்ள சனௌர் என்ற சிற்றூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, அங்கேயே படித்தார். ஒரு சட்டத்தரணியிடம் எழுத்தராகவும், கல்லூரியொன்றில் ஆய்வுகூட உதவியாளராகவும் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில்தான் நாடகம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஹர்பால் திவானா நடத்திய பஞ்சாபி நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கிருந்து 1970இல் டெல்லியின் தேசிய நாடகப் பள்ளிக்குப் போனார். அப்போது அதன் இயக்குநர் இப்ராஹிம் அல்காஸி. ஒத்திகைக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பொறுக்காதவர். கிரேக்க நாடகத்திலிருந்து இந்தி நவீன நாடகம் வரை எல்லாவற்றையும் மாணவர்களின் உடம்பில் ஏற்றியவர். பஞ்சாபி மொழியில் படித்துவிட்டு வந்த ஓமுக்கு ஆங்கிலம் வராது. வகுப்பில் வாயைத் திறக்கவே கூச்சம். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தவரைத் தேற்றி நிறுத்தியதில் அல்காஸிக்குப் பெரிய பங்குண்டு. அங்கே வகுப்புத் தோழராகக் கிடைத்தவர் நசீருதீன் ஷா. வசதியான குடும்பம், கொன்வென்ட் படிப்பு, சரளமான ஆங்கிலம் என்று எல்லாவற்றிலும் நேரெதிர். ஆனாலும் இந்த இருவரின் நட்பு சாகும் வரை நீடித்தது. 1977இல் ஓர் உணவகத்தில் நசீரை ஒருவன் கத்தியால் குத்தியபோது பாய்ந்து தடுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஓம்தான். நசீர் தன் சுயசரிதையில் அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

டெல்லிக்குப் பிறகு புனே திரைப்படக் கல்லூரி. அங்கே கட்டணம் கட்டவே காசில்லை. அம்மைத் தழும்பு நிறைந்த முகம், பெரிய மூக்கு, ஒடிசலான உடம்பு. அந்தக் காலத்து இந்திப் பட உலகம் இந்த முகத்தைக் கதாநாயகனாக எண்ணியே பார்த்திருக்காது. ஆக, ஒரு பக்கம் வறுமை, இன்னொரு பக்கம் நாடகமும் சினிமாவுமாகப் பல வருட முறையான பயிற்சி. அவர் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தேநீர்க் கடையை எழுதிவிட்டு அல்காஸியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அம்பாலாவில் கோப்பை கழுவிய பையன்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்.

அவருடைய நல்லகாலம், அவர் வெளியே வந்த நேரத்தில் இந்தியாவில் வேறு விதமான சினிமா ஒன்று கண் விழித்திருந்தது. ஷியாம் பெனகல், கோவிந்த் நிஹலானி, கேத்தன் மேத்தா போன்றவர்கள் குறைந்த செலவில், நட்சத்திரம் இல்லாமல், கிராமத்தையும் சாதியையும் பொலிஸையும் பற்றிப் படம் எடுத்தார்கள். அரசு நிதி கொஞ்சம், கூட்டுறவு முயற்சி கொஞ்சம். 1976இல் வந்த அவருடைய முதல் படமான 'காசிராம் கோத்வால்' கூட அப்படி ஒரு கூட்டுறவுக் குழுவின் முயற்சிதான். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. நசீர், ஓம், ஷபானா ஆஸ்மி, ஸ்மிதா பாட்டீல் ஆகிய நால்வரின் முகங்கள்தான் அந்த அலையின் முகவரி.

இனி 'ஆக்ரோஷ்'. 1980இல் வந்த படம். அதுவரை பெனகலின் ஒளிப்பதிவாளராக இருந்த நிஹலானி இயக்கிய முதல் படம்; திரைக்கதை மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர். ஓம் பூரி நடித்த லஹான்யா பீக்கு ஓர் ஆதிவாசிக் கூலித் தொழிலாளி. மனைவியைக் கொன்றதாக அவன்மேல் வழக்கு. அவளைச் சீரழித்துக் கொன்றவர்கள் ஊரின் பெரிய மனிதர்கள். அவனுக்காக வாதாட வருகிற இளம் சட்டத்தரணியாக நசீர். என்ன நடந்தது, சொல், சொன்னால்தான் காப்பாற்ற முடியும் என்று அவர் கெஞ்சுகிறார். லஹான்யா வாயைத் திறப்பதில்லை. நினைவுக் காட்சிகளில் தவிர, படம் முழுவதும் அவன் பேசுவதில்லை. கதாநாயகனுக்கு வசனம் இல்லாத படம்!

வசனம் இல்லாவிட்டால் நடிகன் என்ன செய்வான்? முகத்தைச் சுளிப்பான், கண்ணை உருட்டுவான், உதட்டை நடுங்க வைப்பான். ஓம் இவற்றில் எதையும் செய்யவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். ஆனால் உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டிருப்பது நமக்குத் தெரிகிறது. அந்த மௌனம் பயமா, வெறுப்பா, இந்தச் சட்டம் நமக்கு உரியது இல்லை என்ற தெளிவா? மூன்றுமாக மாறி மாறித் தோன்றும். கடைசியில், தகப்பனின் ஈமக்கிரியைக்காக விலங்கோடு அழைத்து வருகிறார்கள். தன் தங்கையை அங்கே நிற்கும் மேற்பார்வையாளன் பார்க்கிற பார்வையை லஹான்யா பார்க்கிறான். கோடரியைப் பறித்துத் தங்கையைத்தான் வெட்டுகிறான். மனைவிக்கு நேர்ந்தது இவளுக்கும் நேரக்கூடாது என்று. பிறகு வானத்தைப் பார்த்து ஒரு கதறல். இரண்டு மணி நேரம் அடைத்து வைத்த குரல் அது. நான் கொழும்பில் படித்த நாட்களில் ஒரு திரையிடலில் இதைப் பார்த்தேன். இந்தி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. தெரிய வேண்டியும் இருக்கவில்லை.

இந்த மௌனம் நமக்குப் பழக்கமானது, தம்பி. உங்கள் பாட்டனார் காலத்துப் பெரட்டுக்களத்தை, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் அந்த இடத்தை, நினைத்துப் பாருங்கள். துரை வரும்போது தலைத்துண்டு கக்கத்துக்குப் போகும். கங்காணி கத்துவார், கணக்கப்பிள்ளை கணக்குச் சொல்வார், பேர் விழுந்ததா அரைப்பேரா, அதாவது முழுநாள் கூலியா அரைநாள் கூலியா, என்று தீர்ப்பு வரும். நிற்கிறவர் பேசமாட்டார். அவர் பேசாதது அவருக்குச் சொல்ல எதுவும் இல்லாததால் அல்லவே. நம் நாடகங்களில் இந்த இடம் வந்ததும் தொழிலாளி முன்னால் வந்து நின்று பத்து நிமிடம் முழங்குவார், கைதட்டலும் கிடைக்கும். அந்த முழக்கம் நாடகாசிரியருடைய ஆசை. களத்தில் நின்ற மனிதனின் உண்மை வேறு. முழக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. லஹான்யாவின் கதறலைப் போல, அதற்கு முன்னால் போதுமான மௌனத்தைச் சம்பாதித்துவிட்டு முழங்குங்கள்.

அடுத்த வருடம் சத்யஜித் ராய் தூர்தர்ஷனுக்காகச் 'சத்கதி'யை எடுத்தார். பிரேம்சந்தின் சிறுகதை. ஒரு மணி நேரம்கூட ஓடாது. நீங்கள் ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். தோல் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த துக்கி, மகளின் நிச்சயத்துக்கு நாள் பார்க்க ஒரு பிராமணரின் வீட்டுக்குப் போகிறான். காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்தவன். சரியாகச் சாப்பிடவும் இல்லை. நாள் பார்த்துக் கொடுப்பதற்கு முன் பிராமணர் வேலை வாங்குகிறார். வாசலைக் கூட்டு, வைக்கோலைக் கொண்டுபோய் அடுக்கு, அந்தக் கட்டையைப் பிள. கட்டை முண்டும் முடிச்சுமானது. கோடரி மழுங்கல். வெயில். துக்கி அந்தக் கட்டையோடு போராடியே செத்துப்போகிறான். பிணத்தைத் தூக்க அவனுடைய ஆட்கள் மறுக்கிறார்கள். ஊருக்குள் பிணம் கிடக்கிறது, கிணற்றுக்குப் போகிற பாதையும் தடைப்படுகிறது. கடைசியில் பிராமணரே காலில் கயிற்றைச் சுருக்கிட்டு, கையால் தொடாமல், செத்த மாடுகள் கிடக்கும் இடத்துக்கு இழுத்துப் போய்ப் போடுகிறார். துக்கியின் மனைவியாக ஸ்மிதா பாட்டீல், பிராமணராக மோகன் அகாஷே.

கவனிக்க வேண்டியது கோடரியை. பிரேம்சந்தின் துக்கி புல் செதுக்கிப் பழகியவன். விறகு பிளந்து பழக்கமில்லாதவன். ஆகவே ஓம் பூரி நடிக்க வேண்டியது, உழைத்து உரமேறிய உடம்புக்குத் தெரியாத ஒரு வேலையை. இது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். கோடரியே பிடிக்கத் தெரியாத பட்டணத்து ஆளைப் போல நடித்தால் பொய். கைதேர்ந்த விறகுவெட்டியைப் போல நடித்தாலும் பொய். முதல் சில வீச்சுகளில் உடம்பு வழி தேடுகிறது. பிறகு கட்டைமேல் கோபம் வருகிறது. பிராமணர்மேல் காட்ட முடியாத கோபம் முழுவதும் கட்டைக்குப் போகிறது. கடைசி வீச்சுகளில் கோடரி மனிதனை ஆட்டுகிறதா, மனிதன் கோடரியை ஆட்டுகிறானா என்று தெரியாத ஒரு வெறி. அழுகை இல்லை. இரக்கம் தேடும் பார்வை இல்லை. அவன் செத்து விழும்போது நமக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் வருகிறது. ராய் விரும்பியதும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இதே விஷயத்தை 'தமஸ்' தொடரில் மறுபடியும் பார்க்கலாம். பிரிவினைக் கலவரத்தைப் பற்றிப் பீஷ்ம சாஹ்னி எழுதிய நாவல். நிஹலானி இயக்கி 1988இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. தடை செய்யக் கோரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஓம் நடிக்கும் நத்து தோலுரிக்கிற தொழிலாளி. மிருக வைத்தியருக்கு வேண்டும் என்று சொல்லி ஒருவர் அவனிடம் ஒரு பன்றியைக் கொன்று தரச் சொல்கிறார். நத்து செத்த மிருகத்தின் தோலை உரிப்பவன், கொன்று பழக்கமில்லாதவன். மறுக்கவும் முடியவில்லை. இரவு முழுக்க ஓர் அடைசலான அறையில் அவனும் பன்றியுமாக நடக்கிற அந்தப் போராட்டத்தில்தான் தொடரே தொடங்குகிறது. விடிந்ததும் அந்தப் பன்றி ஒரு பள்ளிவாசலின் வாசலில் கிடக்கிறது. ஊர் பற்றி எரியத் தொடங்குகிறது. தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு நத்துவின் முகத்தில் படிகிற அந்தக் குற்ற உணர்ச்சி பல மணி நேரத் தொடர் முழுவதும் கூடவே வருகிறது. துக்கி, நத்து இருவருக்கும் மேலே இருக்கிறவர்கள் தெரியாத வேலையைக் கொடுக்கிறார்கள். விளைவைச் சுமப்பது மட்டும் கீழே இருக்கிறவன்.

தெரிந்த வேலையைச் செய்கிற மனிதனைப் பார்க்க வேண்டுமென்றால் பெனகலின் 'சுஸ்மன்'. அன்றைய ஆந்திரத்துப் போச்சம்பள்ளி நெசவாளர்களின் கதை. ஓம் அதில் ராமுலு என்ற நெசவாளி. தறியில் உட்காரப் பழகிக்கொண்டுதான் கமெராவுக்கு முன்னால் வந்தார். படம் மிகச் சிறந்தது என்று சொல்லமாட்டேன். பாடம் நடத்துகிற தொனி சில இடங்களில் தட்டுகிறது. ஆனால் தறியில் இருக்கும்போது அந்த மனிதரிடம் ஒரு கௌரவம் இருக்கிறது. கடன்காரன் முன்னால் எழுந்து நின்றதும் அது காணாமல் போகிறது. அந்த மாற்றத்துக்காகப் பாருங்கள்.

தேசிய விருது அவருக்கு இரண்டு முறை கிடைத்தது. முதலாவது பெனகலின் 'ஆரோஹன்', 1982. வங்காளத்துக் குத்தகை விவசாயி ஹரி மண்டல், தான் உழுகிற நிலத்தில் தனக்குள்ள உரிமைக்காகப் பத்து வருடத்துக்கு மேல் நீதிமன்றப் படியேறுகிறான். காணி உறுதிக்காகக் காத்திருக்கிற நம்மவர்களுக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, 1983இன் 'அர்த் சத்ய'.

'அர்த் சத்ய'வில் பாத்திரம் தலைகீழாகிறது. இதுவரை அதிகாரத்தின் கீழே நின்றவர் இங்கே சீருடை போட்டுக்கொண்டு வருகிறார். பம்பாயின் உதவிப் பொலிஸ் பரிசோதகர் அனந்த் வேலங்கர். தகப்பன் ஓய்வுபெற்ற கொன்ஸ்டபிள். வீட்டில் மனைவியை அடித்தவர். அந்த வேடத்தில் அம்ரிஷ் பூரி. பெயரொற்றுமையைப் பார்த்துச் சகோதரர்கள் என்று நம்மூரில் பலர் சொல்கிறார்கள்; இருவருக்கும் உறவு எதுவும் இல்லை. சிறுவயதில் தாய் அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்ற வேலங்கர், வளர்ந்த பிறகும் ராமா ஷெட்டி என்ற பெரிய ரவுடியின் முன்னால் அதே மாதிரி நிற்க வேண்டி வருகிறது. மேலிடம் அவனைத் தொடவிடுவதில்லை. அவமானம் சேர்ந்து சேர்ந்து, பூட்டிய அறையில் சிக்கிய ஒரு சின்னத் திருடன்மேல் இறங்குகிறது. அடியில் அவன் செத்துப்போகிறான். இந்த நேர்மையான அதிகாரி கொலைகாரனாவதை நம்மால் தள்ளி நின்று கண்டிக்க முடியாதபடி, அதே சமயம் மன்னிக்கவும் முடியாதபடி ஓம் கொண்டுபோகிறார். ஓர் உணவகத்தில் காதலி கொடுத்த கவிதையை வாசிக்கிற காட்சி ஒன்று உண்டு. திலீப் சித்ரே எழுதிய கவிதை. பாதி விளையாட்டாகத் தொடங்குகிற குரல், வரிக்கு வரி இறுகி, கடைசியில் அந்த மனிதனின் தலையெழுத்தையே வாசிப்பது போலாகிவிடும். குரலை உயர்த்தாமலே இதைச் செய்கிறார்.

படம் நன்றாக ஓடியது. கலைப்படம் ஒன்று டிக்கெட் வரிசையை உண்டாக்கியது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். அவ்வருடத்து பிலிம்பேர் விருதுகளில் சிறந்த படம், இயக்குநர் எல்லாம் இதற்கே. சிறந்த நடிகர் மட்டும் வேறொரு படத்துக்காக நசீருக்குப் போய்விட்டது. தோழருக்குத் தோழரே போட்டி.

வேறு சிலவற்றைக் கடகடவென்று சொல்லிவிடுகிறேன். 'மிர்ச் மசாலா'வில் மிளகாய்த் தொழிற்சாலையின் கிழட்டுக் காவலாளி அபூ மியான். அதிகாரியிடமிருந்து தப்பி ஓடிவந்த பெண்ணைக் காப்பாற்றக் கதவை இழுத்து மூடுகிறவர். நடித்தபோது ஓமுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. 'காந்தி'யில் சில நிமிடம்தான் வருவார். குழந்தையைக் கொன்றுவிட்டேன், நான் நரகத்துக்குத்தான் போவேன் என்று உண்ணாவிரதத்தில் கிடக்கும் காந்தியின் மேல் ரொட்டியை எறிகிற இந்து. அந்த நீளமான படத்தில் பலருக்கு மறக்காமல் நிற்பது அந்தச் சில நிமிடங்கள். 'ஜானே பி தோ யாரோ'வில், வழியில் நிற்கும் சவப்பெட்டியைப் பழுதான கார் என்று நினைத்து இழுத்துக்கொண்டு போகிற குடிகாரர். அவரால் சிரிக்க வைக்கவும் முடியும் என்று முதன்முதலில் காட்டிய படம் அதுதான்.

இப்போது உங்களுக்குக் கிடைத்த அந்த நகைச்சுவைத் துண்டுகளுக்கு வருவோம். தேசிய விருது வாங்கித் தந்த 'ஆரோஹன்' வந்த அதே 1982இல் அவர் 'டிஸ்கோ டான்ஸர்' என்ற வணிகப் படத்திலும் இருக்கிறார். கலைப்படத்தில் அடுப்பெரியாது. அந்த அலையும் எண்பதுகளின் இறுதியில் வற்றிவிட்டது. படங்களைத் திரையிட அரங்குகள் கிடைக்கவில்லை, பார்வையாளர்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார்கள். ஓம் வணிகப் படங்களுக்குப் போனார், வில்லனாக, பொலிஸாக, கோமாளியாக. கமல்ஹாசன் 'அவ்வை சண்முகி'யை இந்தியில் 'சாச்சி 420' என்று எடுத்தபோது, தமிழில் டெல்லி கணேஷ் செய்த காரியதரிசி வேடத்தைச் செய்தவர் ஓம் பூரி. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே வேடத்தை இரண்டு தேர்ந்த நடிகர்கள் எப்படித் தைத்துக்கொள்கிறார்கள் என்பது தெரியும். அவருடைய பிற்காலப் படங்களில் பல பார்க்கத் தகுதியற்றவை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கூலிக்கு வேலை செய்வதைக் கேவலமாகப் பேச நம் மலையில் பிறந்தவர்களுக்கு வாய் வராது.

எனக்குப் பிடித்த பிற்கால ஓம் பூரி பிரித்தானியப் படங்களில் இருக்கிறார். 1997இன் 'மை சன் த ஃபனாட்டிக்' படத்தில் வட இங்கிலாந்து நகரமொன்றின் பாகிஸ்தானிய டாக்ஸி ஓட்டுநர் பர்வேஸ். வந்த நாட்டில் ஒட்டிக்கொள்ளத் துடிக்கிற தகப்பன். அதை வெறுத்து மதத்துக்குள் போகிற மகன். இரண்டு வருடம் கழித்து 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்'. மீன் வறுவல் கடை வைத்திருக்கும் ஜோர்ஜ் கான், வெள்ளைக்கார மனைவி, அடங்காத பிள்ளைகள். அடிக்கிற தகப்பனை வெறுக்கவும் பரிதாபப்படவும் வைக்கிற அந்த நடிப்புக்காகப் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுக்குச் சிறந்த நடிகராகப் பரிந்துரைக்கப்பட்டார். ஆங்கிலம் தெரியாமல் டெல்லி வகுப்பறையில் ஊமையாக உட்கார்ந்திருந்த அதே ஆள்! 1990இல் பத்மஸ்ரீ, 2004இல் பிரித்தானிய அரசின் கௌரவப் பட்டம் என்று பட்டங்களும் வந்து சேர்ந்தன.

சொந்த வாழ்க்கை சீராக இருந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு திருமணங்கள், பகிரங்கமான சண்டைகள், குடி. 2016இல் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் இராணுவத்தினரைப் பற்றி வாய்தவறிப் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டு, இறந்த சிப்பாய் ஒருவரின் வீட்டுக்கே போய் வந்தார். 2017 ஜனவரி 6ஆம் திகதி மும்பையில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 66.

உங்கள் வேடத்துக்கு வருகிறேன். கவ்வாத்து வெட்டுகிறவர் பாவப்பட்ட மனிதர் என்பதற்கு முன்னால் கைத்திறன் உள்ளவர். கத்தி ஒரே வீச்சில், சாய்வாக, நார் கிழியாமல் இறங்க வேண்டும். கிழிந்தால் செடி அழுகும். சரிவில் கால் எங்கே ஊன்றுவது என்பது பார்க்காமலே அவருக்குத் தெரியும். உங்கள் தோட்டத்தில் கவ்வாத்து நடக்கும் மலைக்குப் போய்ப் பாருங்கள். கேட்டுக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். மேடையில் முதல் காட்சியில் அந்தத் திறமையைக் காட்டினால்தான், பின்னால் அதே மனிதர் வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கையா முன்னால் நிற்கும்போது என்ன குறைந்துபோகிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே ராமுலு உதவுவார். உங்கள் நாடகத்தில் அவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு வேறு ஏதாவது வேலை வாங்குகிற இடம் இருந்தால் துக்கியைப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவருடையது கமெராவுக்கான நடிப்பு. கண்ணிமை அசைந்தாலே பெரிதாகத் தெரியும் ஊடகம் அது. நீங்கள் ஆடப்போவது திறந்தவெளியிலோ கோயில் முற்றத்திலோ இருக்கலாம். அங்கே சிறிய அசைவு கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. நம்மிடம் மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து இருக்கிறது. மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகிற இடத்தில் வேடம் கட்டியவர் உடம்பு முழுவதையும் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்த்திருப்பீர்கள். ஓமிடமிருந்து அடக்கத்தின் காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவைக் கூத்தாடிகளிடம் கேளுங்கள். அல்காஸியின் பள்ளியில் அவரும் முதலில் மேடைக்குத்தான் பழகினார். அந்த ஆழமான குரல் அங்கே வளர்ந்ததுதான். பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடர் முழுவதற்கும் கதைசொல்லியாகவும், அதிலேயே ஔரங்கசீப் உட்படப் பல வேடங்களாகவும் அந்தக் குரலைக் கேட்கலாம்.

பார்க்கும் வரிசை: முதலில் 'சத்கதி', பிறகு 'ஆக்ரோஷ்', 'அர்த் சத்ய'. இந்த மூன்றும் போதும் என்றாலும் 'தமஸ்' தொடரின் தொடக்கத்தையாவது தவறவிடாதீர்கள்.

தமிழில் கேட்டீர்கள். 2000இல் வந்த 'ஹே ராம்' படத்தில் கோயல் என்ற வேடத்தில் வருகிறார். சிறிய பங்கு, அதற்காக மட்டும் படத்தைத் தேட வேண்டியதில்லை. தமிழோடு இன்னொரு தொடர்பும் அவருக்கு உண்டு. முதல் படமான 'காசிராம் கோத்வா'லை இயக்கிய குழுவில் மணி கௌலோடு கே. ஹரிஹரனும் இருந்தார். அவர்தான் பிறகு சென்னைக்கு வந்து ரகுவரனை வைத்து 'ஏழாவது மனிதன்' எடுத்தவர். சீமெந்துத் தொழிற்சாலை ஒன்றை எதிர்த்து நிற்கும் ஊரின் கதை. பாரதியார் பாடல்களும் உண்டு. மொழித் தடையில்லாமல் இதே வகைப் படமொன்றை உங்கள் குழுவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் அதிலிருந்து தொடங்கலாம்.